அச்சா, கையெழுத்தா?

கதை எழுதப் பழகுவதற்கு நான் போய்ச் சேர்ந்த பள்ளிக்கூடத்தில் ஒரு பெரிய கண்ணாடியும் இரண்டு கதிரைகளும் ஒரு நீள வாங்கும் இருந்தன. கண்டி ரயில் நிலையத்துக்குப் போகிற தெருவில் இருந்த சலூன் அது. அதற்கு முன் வேறு மூன்று இடங்களில் பழகிப் பார்த்துத் தோற்றிருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நேரே சலூனுக்குப் போகிற அளவு புத்தி எனக்கு அப்போது இருக்கவில்லை.

தேயிலை விலை விழுந்து தோட்டங்களில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த வருடம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து பரீட்சை பாஸ் பண்ணி வந்து கண்டியில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்தேன். வயது இருபத்தொன்று. கோவைகளுக்கு இலக்கமிட்டு நாடாவால் கட்டுவது உத்தியோகம். தமிழ் இலக்கியத்தை உயர்த்துவது மிச்ச நேரத்து வேலை.

முதலாவது குரு ஓர் இங்கிலீஷ் புத்தகம். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு தோட்டத்துரையின் சாமான்கள் ஏலத்தில் விழுந்தபோது, உடைந்த விளக்கொன்றோடு சேர்த்து என் தலையில் கட்டப்பட்டது. கதை எழுதுவது எப்படி என்று முந்நூறு பக்கம். ‘உனக்குத் தெரிந்ததை எழுது’ என்றது முதல் அத்தியாயம். எனக்குத் தெரிந்ததை எண்ணிப் பார்த்தேன்: கோவை, நாடா, கட்டுக்கலையில் என்னோடு ஒரே அறையில் குடியிருந்த இரண்டு யாழ்ப்பாணத்துக் கிளாக்கர்மாரின் குறட்டை. இதில் இலக்கியம் எங்கே? அந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

இரண்டாவது குரு ஒரு வாரப் பத்திரிகையின் ஆசிரியர். நேரில் கண்டதில்லை. ஐந்து கதைகள் அனுப்பினேன். ஐந்தும் ‘ரசம் போதாது’ என்ற இரண்டு சொல்லோடு திரும்பி வந்தன. ஒவ்வொரு முறையும் நான் கொஞ்சம் ரசம் சேர்த்தேன். இரண்டாம் கதையில் நிலா வந்தது. மூன்றாம் கதையில் நிலாவின் கீழே வீணை வந்தது. ஐந்தாம் கதையில் கதாநாயகி ஏழு தடவை மூர்ச்சை போட்டாள். அவருக்குப் போதவில்லை.

மூன்றாவது, அறை நண்பர்கள். ‘எழுதியதை உரக்க வாசி, கேட்பவர் முகத்தைப் பார்’ என்று அந்த இங்கிலீஷ் புத்தகம் சொன்னபடியால் அவர்களுக்கு வாசித்தேன். அவர்களின் முகம் கையிலிருந்த சீட்டுக்குள் இருந்தது.

“எப்படி மச்சான் கதை?”

“சோக்காயிருக்கு, நீ வாசி. டேய், துரும்பு என்ன, இஸ்கோப்பனோ?”

“நான் நிப்பாட்டி அரை மணித்தியாலம் ஆச்சு.”

“அப்படியே? அதுதான் இவ்வளவு சோக்காயிருந்தது.”

எழுதியவன் பக்கத்தில் நிற்கிறான் என்று தெரிந்தால் எவனும் உண்மை சொல்லமாட்டான் என்ற முடிவுக்கு வந்தேன். (இவர்கள் சொன்னது உண்மைதான் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.) எனவே யார் எழுதியது என்று தெரியாத இடத்தில் வாசிக்க வேண்டும். அங்கேதான் சலூன் வருகிறது.

சலூன்காரர் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர். ஒரே ஒரு தினசரி வாங்கிப் போடுவார். அது கைக்குக் கை மாறிச் சவர்க்கார நுரையில் ஊறிப் பத்து மணிக்குள் கூழாகிவிடுவதால் ஒரு சட்டம் போட்டிருந்தார்: ஒருவர் வாசிக்க வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும். வாசிப்பவருக்கு வரிசையில் நிற்காமல் சவரம். ஞாயிற்றுக்கிழமைகளில் வாங்கு நிறைந்து ஆட்கள் வாசலிலும் நிற்பார்கள். அவர்களில் பாதிப்பேருக்கு எழுத்துத் தெரியாது. என் யாழ்ப்பாணத்துக் குரல் கணீரென்று இருந்ததால் ஞாயிறு வாசிப்பு எனக்கே பட்டாவாகியிருந்தது.

ஒரு ஞாயிறு, பத்திரிகையின் நடுப்பக்கத்தில் என் கதையை மடித்து வைத்துக்கொண்டேன். கொழும்புச் செய்தி, நெல் விலை, ஒரு லொறி பிரண்ட செய்தி எல்லாம் வாசித்துவிட்டு அதே குரலில் தொடங்கினேன்:

‘பூரணச் சந்திரன் பாலொளி பொழிய, மலைச்சாரலிலே, மல்லிகை சூடிய மங்கையொருத்தி, மதுர கீதம் இசைத்தவண்ணம் தேயிலைக் கொழுந்து கொய்துகொண்டிருந்தாள்…’

“நிப்பாட்டுங்க, கிளாக்கரையா!” என்று வாங்கிலிருந்து ஒருவர் சிரித்தார். ரயில் நிலையத்துக் குட்செட்டில் தேயிலைப் பெட்டி சுமக்கிறவர். பன்வில தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர். “ராத்திரியில கொழுந்து எடுக்குற தோட்டம் எங்க இருக்கு? தொரைக்குத் தெரிஞ்சா நாளைக்கே எல்லா மலையிலயும் ஆரம்பிச்சுருவாரு!”

“மல்லியப்பூ வேற,” என்றார் சலூன்காரர். “அட்டை கடிக்கிறப்ப எடுத்து மோந்து பாக்கவா?”

கெலிஓயாவில் புடவைக்கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் நானா, கன்னத்தில் நுரையோடு கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தார். “எனக்கு ஒண்டு செல்லுங்க தம்பி. அந்தப் புள்ள வாயத் தொறந்தா பாட்டுத்தானா வரும்? பசிச்சா என்ன செல்லும்?”

கதையில் அவளுக்குப் பசிக்கவில்லை. கடைசியில் தோட்டத்தாட்கள் குடியிருக்கிற லயத்துக் கூரை விழுந்து அவள் இறக்கிற இடத்தில் நான் என் குரலைத் தழுதழுக்க விட்டேன். வாங்கு முழுவதும் சிரித்தது.

“எழுதினவன் மலைப்பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கியிருக்க மாட்டான்,” என்றார் குட்செட்காரர்.

“ஓம் ஓம், சுத்த மடையன்,” என்றேன் நான். வேறென்ன சொல்ல?

அவமானம் அன்று பின்னேரம் வரைக்கும்தான் இருந்தது. அதன் பிறகு ஒரு வெறி பிடித்துக்கொண்டது. மூன்று குருமாரும் மூன்று வருடத்தில் சொல்லாததை ஒரு சவரம் முடிவதற்குள் சொல்லிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு வேளைக்கே போய் அந்தக் குட்செட்காரருக்குப் பக்கத்தில் இடம்பிடித்தேன். லயம் என்றால் எப்படி இருக்கும், ஒரு காம்பராவில் எத்தனை பேர், மழைக்கு எங்கே ஒழுகும், அடுப்பு எந்தப் பக்கம் என்று கோவைக்கு இலக்கமிடுகிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

அந்த மனிதரிடம் ஒருவரும் இதையெல்லாம் கேட்டதில்லை போலிருக்கிறது. ஈர விரலால் வாங்கில் கோடு போட்டுக் காட்டினார். தன் தங்கச்சியின் காம்பராவைத்தான் காட்டினார். மேல் லயத்தில் கடைசிக் காம்பரா. கதவில் கீழ்ப் பாதிக்கு மட்டும் நீலம் பூசியிருக்கும், மேல் பாதிக்குச் சாயம் போதவில்லை. கூரைத் தகரத்தில் பெரிய ஓட்டை. கங்காணியிடம் நாலு தரம் சொல்லியும் ஆள் வராததால், தங்கச்சி புருஷன் ஒரு விசுக்கோத்துத் தகரத்தைத் தட்டி விரித்து உள்ளுக்கிருந்து அடைத்திருந்தான். அந்தத் தகரத்தில் ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டியின் படம். “படுத்துக்கிட்டுப் பாத்தா அந்தம்மா நம்மளயே குனிஞ்சு பாத்துக்கிட்டிருக்கும், கையில கோப்பையோட,” என்றார். தங்கச்சிக்கு ஏழாம் மாசம் என்றும் சொன்னார்.

நான் வீட்டுக்கு ஓடினேன். நிலாவை வெட்டினேன், மல்லிகையை வெட்டினேன், மூர்ச்சைகளை வெட்டினேன். நீலக் கதவை வைத்தேன். சீமாட்டியை வைத்தேன். ஏழாம் மாசத்தையும் வைத்தேன். ஒரு சொல்லைக்கூடச் சோடிக்கவில்லை. இரண்டே பக்கம் வந்தது. எனக்கே உடம்பு சிலிர்த்தது.

இதைத் திருட்டு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அப்போது அதை ‘நுண்ணிய அவதானம்’ என்று சொன்னேன்.

மூன்றாம் ஞாயிறு. நெல் விலைக்கு அடுத்ததாக வாசித்தேன். ‘பன்விலத் தோட்டமொன்றில் விடாமல் பெய்த மழையினால் மேல் லயத்தின் கடைசிக் காம்பராவின் கூரை விழுந்தது…’ முதல் வரியிலேயே சலூன் அடங்கிவிட்டது. நான் முகங்களைப் பார்த்தேன். இங்கிலீஷ் புத்தகம் சொன்ன முகங்கள்! நானா கண்ணை மூடி ஏதோ ஓதினார். கத்தி அந்தரத்தில் நின்றது. ‘விசுக்கோத்துத் தகரத்திலிருந்த சீமாட்டி, கையில் கோப்பையோடு, ஏழு மாதக் கர்ப்பிணியின் முகத்தின்மேல் கவிழ்ந்து கிடந்தாள்.’

கதிரை ஒன்று அடித்து விழுந்தது. குட்செட்காரர் எழுந்து நின்றார். ஒரு கன்னம் மழித்திருந்தது, மறு கன்னத்தில் நுரை. “எந் தங்கச்சி,” என்றார். கழுத்திலிருந்த துணியைக்கூடக் கழற்றாமல் வாசலைத் தாண்டி பஸ் நிலையத்துப் பக்கம் ஓடினார்.

இந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்பதை மறைத்துவிடலாம். மறைத்தால் கேட்பதற்கும் ஆளில்லை. நான் அவரைக் கூப்பிடவில்லை. கையில் கடதாசியை வைத்துக்கொண்டு, ‘நம்பிவிட்டான்’ என்று நினைத்தேன். ‘ஐயோ’ என்று நினைக்கவில்லை. நம்பிவிட்டான் என்றுதான் நினைத்தேன். என் வாழ்க்கையின் முதல் வெற்றி கழுத்தில் துணியோடு ஓடிக்கொண்டிருந்தது.

சலூன்காரர் கதிரையை நிமிர்த்த வந்தவர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த மனிதர்.

“ஏன் கிளாக்கரையா, பேப்பர்காரங்க இப்பெல்லாம் மையி தொட்டு எழுதியா அனுப்புறாங்க?”

நானும் பஸ் நிலையத்துக்கு ஓடினேன். பஸ் போய்விட்டிருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் என்னைத் தேற்றிக்கொண்டேன்: போனதும் தங்கச்சியை உயிரோடு காண்பார். எவ்வளவு ஆனந்தம்! அந்த ஆனந்தம் யார் தந்தது?

அடுத்த ஞாயிறு அவர் வந்தார். இரண்டு கன்னமும் சரியாக மழித்திருந்தார், வேறெங்கோ மழித்திருக்கிறார்.

“தங்கச்சி சொகமா இருக்கு, ஐயா,” என்றார். “கூர விழல. பேப்பர்காரன் காம்பராவ மாத்திப் போட்டுட்டான் போல. ஆனா நான் போன வேகத்துல நேரா கங்காணி வாசல்ல போயி நின்னு கத்திப்புட்டேன். நாலு தரம் சொல்லியும் தகரம் மாத்தலையே, இப்ப பேப்பர்லயே வந்துருச்சேன்னு. லயமே கூடிருச்சு. அவரு சொல்லிட்டாரு, ரெண்டு வாரத்துல அந்தப் பேப்பரக் கொண்டாந்து காட்டு, இல்லாட்டி தங்கச்சிக்கும் மச்சானுக்கும் பத்துச்சீட்டுன்னு.”

பத்துச்சீட்டு என்றால் தோட்டத்திலிருந்து பேர் வெட்டிக் கையில் கொடுக்கிற துண்டு. அந்த வருடத்தில் பேர் வெட்டப்பட்டவனை எந்தத் தோட்டமும் எடுக்காது. ஏழாம் மாசத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டியதுதான்.

“அந்தப் பேப்பர மட்டும் குடுங்கய்யா. மடிக்காம கொண்டு போயிக் காட்டிட்டுத் திருப்பித் தந்துர்றேன்.”

சலூன்காரர் கத்தியைத் தீட்டுவதை நிறுத்தவில்லை. ஆனால் என்னையே பார்த்துக்கொண்டு தீட்டினார்.

“அது பேப்பரில வந்ததில்லை,” என்றேன். “நான் எழுதினது.”

“எழுதுனதுன்னா?”

“கதை. கற்பனை.”

“அப்ப அந்த நீலக் கதவு? அந்தத் தகரத்துப் பொம்பள?”

“நீங்கள் சொன்னதுதானே.”

அவர் கத்தவில்லை. வாங்கில் முன்பு கோடு போட்ட இடத்தைப் பார்த்தார். “நா சொன்னேன். நீங்க அவள சாகடிச்சு எனக்கே வாசிச்சுக் காட்டினீங்களா?” பிறகு, “வர்ற ஞாயித்துக்கெழம மொத பஸ்ஸுக்கு வாங்க. வந்து இத கங்காணிகிட்ட உங்க வாயால சொல்லுங்க,” என்றார்.

போனேன். கோட்டுப் போட்டு, தலை வாரி, ஆதாரத்துக்குக் கையெழுத்துப் பிரதியையும் உள் பையில் வைத்துக்கொண்டு போனேன். பன்வில ஏறும் வரைக்கும் பஸ்ஸில் என் வாக்குமூலத்தைத் திருத்திக்கொண்டே இருந்தேன். நல்ல அடுக்குமொழியில் வந்திருந்தது. குட்செட்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

கங்காணி தலைப்பாகை, கறுப்புக் கோட்டு, வெள்ளிப் பூண் போட்ட தடியோடு தன் வீட்டு வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். லயத்துச் சனம் கொஞ்சம் தள்ளி நின்றது. நான் கைகூப்பித் தொடங்கினேன்:

“பெருமதிப்புக்குரிய ஐயா! இந்த அபலைக் குடும்பத்தின்மீது வீழ்ந்த பழிக்கெல்லாம் மூலகாரணன் அடியேனே. என் பேதை நெஞ்சத்தில் உதித்த கற்பனையை உண்மை போலப் படித்த பாவி நான்…”

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். முடித்ததும், “எந்தப் பேப்பரு?” என்றார்.

“பேப்பர் இல்லை ஐயா. நான் கந்தோர்க் கிளாக்கர்.”

“பேப்பர்ல வரலன்னு சொல்றதுக்கு ஒரு கிளாக்கரு கோட்டு மாட்டிக்கிட்டுக் கண்டியிலேருந்து ஏறி வருவாரா? தம்பி, நானும் நாலு தொரைமாரப் பாத்தவன். யாரு அனுப்புனா?”

“ஒருவரும் அனுப்பவில்லை. எல்லாம் பொய்!”

“உங்க பேச்சப் பாத்தாலே தெரியுதே பொய்யின்னு.”

அப்போதுதான் நான் என் அறிவின் சிகரத்தைத் தொட்டேன். நிரூபிக்கிறேன் பாருங்கள் என்று கையெழுத்துப் பிரதியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைத் தூரத்தில் பிடித்து மெல்ல வாசித்தார். மேல் லயம், கடைசிக் காம்பரா, அரைக் கதவு நீலம், விசுக்கோத்துத் தகரம், நாலு தரம் சொல்லியும் ஆள் வராதது. வாசிக்க வாசிக்க அவருடைய மீசை தாழ்ந்தது.

“இன்னும் அச்சாகல,” என்றார், தனக்குத்தானே. “அதான் வெலை பேச வந்துருக்காரு.” தாளை நாலாக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார். “இது அச்சேறக் கூடாது. தொர கண்ணுல பட்டா என் தலப்பாதான் போகும். பத்துச்சீட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. டேய், ஸ்டோர்ல நல்ல தகரம் நாலு எடுத்துட்டு வாங்கடா!”

“ஐயா, அது என்னிடம் இருக்கிற ஒரே பிரதி…”

“அது தெரிஞ்சுதான் வச்சுக்கிட்டேன்,” என்றார்.

பொய்யை நம்பினார்கள். உண்மையைச் சொன்னேன், நம்பவில்லை. இதற்கு இங்கிலீஷ் புத்தகத்தில் அத்தியாயம் கிடையாது. பொய்யை நான் சோடிக்காமல் சொன்னேன், உண்மையை நிலா வைத்துச் சொன்னேன் என்பது பஸ்ஸில் திரும்பும்போதுதான் புரிந்தது.

அதற்கு முன் தங்கச்சியைப் பார்த்தேன். நீலக் கதவில் சாய்ந்து நின்று, தகரம் மாற்றுகிறவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் என்னைக் காட்டி, “இவருதான்,” என்றார்.

“என்னய சாகடிச்ச ஐயாவா?” என்று மேலும் கீழும் பார்த்தாள். “எப்புடிச் செத்தேன்? சொல்லுங்க, கேப்போம்.”

சொன்னேன். சீமாட்டி முகத்தில் விழுகிற இடத்தை மட்டும் கொஞ்சம் விழுங்கினேன்.

“அது கீழயா நான் படுத்துருந்தேன்?”

“ஓம்.”

“மழையில?”

“ஓம்.”

அவள் சிரித்த சிரிப்பில் கூரைமேல் இருந்தவன் திரும்பிப் பார்த்தான். “ஒழுகுற எடத்துக்குக் கீழ யாருய்யா படுப்பா? அங்க சட்டிதான் இருக்கும். நாங்க படுக்கிறது அந்த மூலையில. அப்புறம், அந்தத் தகரம் ஒரு மாசமா கிரீச் கிரீச்சுன்னு சொல்லிக்கிட்டே இருக்கு. விழுறதுக்குள்ள நான் எந்திரிச்சு வெளிய இஸ்தோப்புக்கு வந்துருக்க மாட்டேனா? படிச்சவுக இதக்கூட யோசிக்க வேண்டாமா?” கழற்றிக் கீழே போட்ட விசுக்கோத்துத் தகரத்தை எடுத்துத் துடைத்தாள். “மறுபடி எழுதுனா என்னய சாகடிக்காதீங்க. சொல்லிட்டேன்.”

“சரி, தங்கச்சி,” என்றேன்.

பிரதி போய்விட்டதால் கதையை ஞாபகத்திலிருந்து மறுபடி எழுதினேன். பன்வில என்பதை எடுத்தேன், நீலக் கதவைப் பச்சையாக்கினேன். ஒழுகுகிற இடத்தில் சட்டியை வைத்தேன். அவளை மூலைக்கு மாற்றினேன். தகரம் கிரீச்சிட்டதையும் வைத்தேன். அது தலைக்கு மேலே ஒரு மாதமாகக் கத்தியும் அவள் எழுந்து வெளியே போகாமல் இருப்பதற்கு ஒரு காரணம் தேடினேன்: கை காலெல்லாம் காய்ச்சல். கூரையை மூலை வரைக்கும் இழுத்து விழுத்தினேன். அவள் சாகாவிட்டால் கதை நிற்கவில்லை. இரண்டு வாரம் முயன்று பார்த்தேன் என்று சொன்னால் நம்புவீர்களோ தெரியாது. ஒரு பின்னேரம் முயன்று பார்த்தேன்.

பத்திரிகாசிரியர் இந்த முறை ஒன்றும் எழுதவில்லை, அச்சிட்டுவிட்டார்.

சலூனில் அப்போது என்னைக் கேலி செய்ய ஒரு புதுக் கேள்வி வந்திருந்தது. எந்தச் செய்தியை வாசித்தாலும் வாங்கிலிருந்து ஒரு குரல், “இது அச்சா, கையெழுத்தா?” என்று கேட்கும். நெல் விலையைக்கூடக் கேட்டார்கள். நானா ஒருநாள் அப்போதுதான் பிறந்த பேரப்பிள்ளையைப் பற்றிச் சொல்லிவிட்டு, “இது கையெழுத்து இல்ல தம்பி, சத்தியமா அச்சு,” என்றார்.

கதை அச்சில் வந்த ஞாயிறு நான் பத்திரிகையை விரித்துக் காட்டி, “அச்சு!” என்றேன். குட்செட்காரர் அதை வாங்கி என் கதையின்மேல் பெருவிரலை வைத்துத் தடவிப் பார்த்தார். மை ஒட்டவில்லை. திருப்பித் தந்து, “வாசிங்க,” என்றார்.

வாசித்தேன். சட்டி வந்ததும் தலையாட்டினார். தகரம் கிரீச்சிட்டதும், “ஆமா, அப்புடித்தான்,” என்றார். கடைசிப் பந்திக்கு வந்தபோது கையை உயர்த்தினார்.

“நில்லுங்க. அந்தப் புள்ள உசிரோட இருக்கா?”

அவருடைய தங்கச்சிக்குப் போன மாதம்தான் பெண்பிள்ளை பிறந்திருந்தது. நான் அச்சைப் பார்த்தேன். அதில் அவள் இறந்துகிடந்தாள். அருமையாக இறந்திருந்தாள், மூன்று தரம் திருத்தியது. சலூன்காரர் வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

“‘கூரை விழுந்த சத்தம் கேட்டு,’” என்று வாசித்தேன், “‘இஸ்தோப்பில் நின்றவள் திரும்பிப் பார்த்தாள். சட்டி நசுங்கிப்போயிருந்தது. நாளைக்கு எதில் சோறாக்குவது என்று நினைத்தாள்.’ முற்றும்.”

குட்செட்காரர் துணியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கதிரையில் போய் உட்கார்ந்தார். சலூன்காரர் என் கையிலிருந்த பத்திரிகையின் கடைசிப் பந்தியை எழுத்துக் கூட்டி முழுவதும் பார்த்து முடித்தார். பிறகு குனிந்து, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

“அந்தச் சட்டி நல்லா இருந்துச்சு, கிளாக்கரையா. அதையே எழுதியிருக்கலாம்.”